பாட்டு விற்ற கடை

நோணாங்குப்பத்திலிருந்து ஒரு சகோதரி கடிதம் எழுதியிருக்கிறார். புதுச்சேரியிலிருந்து கடலூர் சாலையில் போனால், சுண்ணாம்பாற்றில் படகு விடுகிறார்களே, அந்த ஊர்தான். விடுமுறையில் குழந்தைகளை அழைத்துக்கொண்டு போய் வந்த நேயர்களுக்கு நினைவிருக்கும். பெயரைப் போட வேண்டாம் என்று அவர் கேட்டுக்கொண்டதால் போடவில்லை. ஆனால் விஷயம் நம் எல்லோர் வீட்டுக் கூடத்திலும் நடக்கக் கூடியது. ஆகையால் இந்த வாரம் அதைப் பற்றியே பேசலாம் என்று இருக்கிறேன்.

சகோதரியின் மாமனார் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர். அந்தப் பக்கத்தில் இப்படிப்பட்டவர்களைச் ‘சொல்தா’ என்பார்கள். ஓய்வு பெற்று ஊர் திரும்பியபோது ஓர் இரும்புப் பெட்டி கொண்டு வந்தாராம். பெட்டியில் பாதி துணிமணி. மீதிப் பாதி இசைத்தட்டு. அவற்றில் பெரும்பாலும் ஜானி ஹாலிடே என்ற பிரெஞ்சுப் பாடகருடையவை. மத்தியானம் சாப்பாடு ஆனதும் பெரியவர் ஒரு தட்டைப் போட்டுவிட்டுச் சாய்வு நாற்காலியில் கண்ணை மூடிக்கொள்வார். “தாத்தா சத்தத்தை ஆரம்பித்துவிட்டார்” என்று வீட்டார் அறைக் கதவைச் சாத்திக்கொள்வார்கள்.

சென்ற வருஷம் பெரியவர் காலமாகிவிட்டார். பேரன் பெட்டியைத் திறந்தான். வந்தது வினை! கல்லூரிப் படிப்பை முடித்துவிட்டு வேலை தேட வேண்டிய பையன், “புதுச்சேரியில் ராக் இசைத்தட்டுக் கடை வைக்கப் போகிறேன்” என்று உட்கார்ந்திருக்கிறான். தகப்பனார் சிரிக்கிறார்: “பாட்டெல்லாம் போனில் ஓசியாகக் கிடைக்கிறது. இவன் தட்டு விற்கப் போகிறானாம்!”

சகோதரி எழுதுகிறார்: ‘வருகிற தை மாதம் எனக்குச் சீட்டுப் பணம் 2 லட்சம் ரூபாய் வரும். அதைக் கடனாகக் கேட்கிறான். கொடுத்தால் அவர் கோபித்துக்கொள்வார். கொடுக்காவிட்டால் பிள்ளை முகம் வாடிவிடும். இது பிழைக்கிற வழிதானா? நீங்கள் நாலு இடம் விசாரித்து எழுத வேண்டும்.’

விசாரித்தேன். நல்லதும் கெட்டதுமாக எனக்குத் தெரிந்ததை அப்படியே சொல்லிவிடுகிறேன். முடிவு சகோதரியுடையது.

முதலில், இந்த ராக் என்பது என்ன? ராகம் என்ற சொல்லின் பின்னங்கால் ஒடிந்தது போல இருக்கிறதே என்று நினைக்க வேண்டாம். 1950-களில் அமெரிக்காவில் பிறந்தது. கறுப்பு மக்களின் தாளக் கட்டான பாட்டும் நாட்டுப்புறத்து வெள்ளையர்களின் பாட்டும் கலந்து, மின்சார கிதாரும் டிரம்ஸும் சேர்ந்துகொண்டன. பெரியவர்கள் காதைப் பொத்திக்கொண்டார்கள்; பிள்ளைகள் எழுந்து ஆடினார்கள். 1960-களில் அதைப் பிரான்சில் வீட்டுக்கு வீடு கொண்டு போனவர்களில் முதன்மையானவர் ஜானி ஹாலிடே. 2017 டிசம்பரில் அவர் இறந்தபோது, கடைசி ஊர்வலத்தைப் பார்க்கப் பாரிஸ் வீதிகளில் லட்சக்கணக்கான ஜனங்கள் கூடினார்கள். நோணாங்குப்பத்துச் சாய்வு நாற்காலியில் கண்ணை மூடிக்கொண்டு கேட்ட ‘சத்தம்’ அவருடையதுதான்!

இன்னொரு சுவையான செய்தி. பழைய காலத்து இசைத்தட்டு எதனால் செய்தது தெரியுமா? அரக்கு! வளையலுக்கும் பார்சல் முத்திரைக்கும் உபயோகிக்கிறோமே, அதே அரக்குதான். கல் பொடியும் கரியும் கலந்து அழுத்தித் தட்டாக்குவார்கள். நிமிஷத்துக்கு 78 சுற்று சுற்றும்; கை தவறினால் அப்பளம். உலகத்துத் தட்டுக்களுக்கெல்லாம் அரக்கு பெரும்பாலும் நம் நாட்டிலிருந்துதான் போயிற்று. 1948-ல் அமெரிக்காவில் உடையாத வினைல் தட்டு வந்து, மேல்நாடுகள் மெல்ல மெல்ல 78-ஐக் கைவிட்டன. நாம் விடவில்லை. பழைய பெட்டிகள் வீட்டுக்கு வீடு இருந்தன அல்லவா? ஆகவே 1960-களில் பீட்டில்ஸ் பாட்டுக்களைக்கூட இங்கே 78 சுற்றுத் தட்டாக அடித்து விற்றார்கள். இன்று அந்தத் தட்டுக்களுக்காக வெளிநாட்டுச் சேகரிப்பாளர்கள் தவம் கிடக்கிறார்கள். நம் வீட்டுப் பரணில் கிடப்பது யாருக்கு எப்போது பொக்கிஷமாகும் என்று சொல்ல முடியாது.

இனிக் கடைக்கு வருவோம்.

தட்டு விற்பது கேலிக்குரிய தொழில் என்று சகோதரியின் கணவர் நினைத்தால், அவருக்குக் காரைக்குடிக் கதையைச் சொல்லலாம். அங்கே ஆவிச்சி செட்டியார் ஏ.வி. அண்டு சன்ஸ் என்று ஒரு கடை வைத்திருந்தார். அதில் கிராமபோன் தட்டுக்களும் விற்றார்கள். கடையில் நின்று விற்ற மகன் மெய்யப்பன், 1930-களில் சென்னைக்கு வந்து கூட்டாளிகளுடன் சரஸ்வதி ஸ்டோர்ஸ் தொடங்கினார். பிறர் பதிவு செய்த தட்டுக்களை விற்றவர்கள், பிறகு தாங்களே பாடகர்களை அழைத்துப் பதிவு செய்து வெளியிட்டார்கள். எந்தப் பாட்டை ஜனங்கள் இரண்டாம் தடவை கேட்கச் சொல்கிறார்கள் என்பது கடையில் நின்றவருக்கல்லவா தெரியும்? அந்த ருசி அறிவை மூலதனமாக வைத்துத்தான் அவர் சினிமாவுக்குப் போனார். 1945-ல் ஏவி.எம். நிறுவனம் பிறந்தது. தமிழ்நாட்டின் பெரிய ஸ்டூடியோ ஒன்றுக்கு வேர் ஓர் இசைத்தட்டுக் கடையில் இருக்கிறது.

சரி, ராக் தட்டு விற்ற கடைகள் என்ன ஆயின? நம் நாட்டில் மிகவும் பேர் பெற்றது பம்பாயின் ரிதம் ஹவுஸ். காலா கோடாவில், ஜஹாங்கீர் ஓவியக் கூடத்துக்கு எதிரில் 1948 முதல் நடந்த கடை. பெரிய கம்பெனிக் கிளை இல்லை. ஒரு குடும்பத்தார் நடத்தியது. இந்துஸ்தானி, ஹிந்தி சினிமா, மேல்நாட்டு சாஸ்திரீய சங்கீதம், ஜாஸ், ராக் எல்லாம் ஒரே கூரையின் கீழ். அங்கே கண்ணாடி போட்ட சின்னஞ் சிறு அறைகள் இருந்தன. வேண்டிய தட்டைக் கேட்டுப் பார்த்துவிட்டு, மனசுக்குப் பிடித்தால் வாங்கலாம். புடவைக் கடையில் பிரித்துப் போட்டு, தோளில் வைத்துக் கண்ணாடியில் பார்த்து வாங்குகிறோமே, அதைப் போல! கையில் காசில்லாத கல்லூரிப் பிள்ளைகள் ராக் கேட்கக் கற்றுக்கொண்ட பள்ளிக்கூடங்களில் அதுவும் ஒன்று.

தட்டுப் போய்க் கேசட் வந்தது. ரிதம் ஹவுஸ் கேசட் விற்றது. கேசட் போய் சி.டி. வந்தது, சி.டி. விற்றது. அடுத்து வந்தது கையில் பிடிக்க முடியாத சரக்கு. பாட்டு காற்றோடு போனுக்குள் வந்து இறங்கியது. காற்றை எந்த அலமாரியில் அடுக்குவது? 2015-ல் கடையை மூடப் போவதாக அறிவித்தார்கள். அறிவித்ததுதான் தாமதம், ஜனங்கள் திரண்டு வந்தார்கள்! பழைய வாடிக்கைக்காரர்கள் கண் கலங்கினார்கள், படம் எடுத்துக்கொண்டார்கள். 2016 பிப்ரவரி முடிவில் கதவு சாத்தப்பட்டது. 2017-ல் வைர வியாபாரி நீரவ் மோடியின் நிறுவனம் அந்த இடத்தை வாங்கியது. மறு வருஷமே வங்கி வழக்கில் அமலாக்கத் துறை அதை முடக்கிவிட்டது. பாட்டு இருந்த இடத்தில் பூட்டு. அதை மீட்டு இளம் கலைஞர்களுக்கு மேடையாக்கலாம் என்று தொழிலதிபர் ஆனந்த் மகிந்திரா 2018-ல் யோசனை சொன்னார். அன்பு இருந்தது. ஆனால் காலம் கடந்து வந்த அன்பு.

இந்த இடத்தில் நான் ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்ள வேண்டும். நான் கல்லூரியில் படித்த நாளில் சென்னையில் ஒரு சின்னக் கடை இருந்தது. மாடிப்படி ஏறிப் போக வேண்டும். கடைக்காரருக்கு நடுத்தர வயது. கண்ணாடி மூக்கின் நுனியில் நிற்கும். “போன தடவை அதைக் கேட்டீங்களே தம்பி, இதையும் கேட்டுப் பாருங்க” என்று எடுத்துப் போடுவார். அரை மணி நேரம் நின்று கேட்பேன். “பிரமாதம் சார்!” என்பேன். பெயரை ஒரு துண்டுக் காகிதத்தில் குறித்துக்கொண்டு கீழே இறங்கிவிடுவேன். வீட்டுக்குப் போய்க் கம்ப்யூட்டரில் காசு கொடுக்காமல் இறக்கிக்கொள்வேன். நான் குறித்துக்கொள்வதை அவர் பார்த்தார். ஒரு நாளும் ஒரு வார்த்தை சொன்னதில்லை.

பின்னொரு நாள் போனபோது அங்கே போன் கவர் விற்றுக்கொண்டிருந்தார்கள். “ஐயோ, கடையை மூடிவிட்டாரே!” என்று நண்பர்களிடம் அங்கலாய்த்தேன். மூடியவர்களில் நானும் ஒருவன் என்பது எனக்குப் புரியப் பல வருஷம் ஆயிற்று. அவர் எனக்குக் கொடுத்தது சங்கீத ஞானம். அதற்கு நான் கொடுத்த விலை ‘பிரமாதம்’ என்ற ஒரு சொல். அதை வைத்து வாடகை கொடுக்க முடியுமா?

ஆகவே, சகோதரி, இப்படிப்பட்ட கடைக்கு ரசிகர்களே சத்துருவாக இருப்பதும் உண்டு. பிள்ளையிடம் இதை முதலில் சொல்லுங்கள்: கடை நிறையக் கூட்டம் இருக்கும், கல்லா காலியாக இருக்கும்.

அப்படியானால் பிழைத்த கடையே இல்லையா? இருக்கிறது. லண்டனில் ரஃப் டிரேட் என்று ஒரு கடை. ஜெஃப் டிராவிஸ் என்ற இளைஞர் அமெரிக்காவில் ஊர் ஊராகச் சுற்றி, மலிவு விலையில் பழைய தட்டுக்களை வாங்கிச் சேர்த்தார். அவற்றை வைத்து 1976-ல் கடை திறந்தார். பெரிய கம்பெனிகள் திரும்பிப் பார்க்காத பாட்டுக்களை அவர் விற்றார். 1977-ல் பஸ்காக்ஸ் என்ற மான்செஸ்டர் பையன்கள், குடும்பத்தாரிடமும் நண்பர்களிடமும் 500 பவுன் கடன் வாங்கித் தாங்களே 1,000 தட்டு அடித்தார்கள். (எந்த ஊரானாலும் கடைசியில் வீட்டார் பணத்தில்தான் வந்து நிற்கிறது, பார்த்தீர்களா!) ரஃப் டிரேட் போன்ற சிறு கடைகள் அந்தத் தட்டை வாங்கி விற்றன. ஆயிரம் போய்ப் பல்லாயிரம் விற்றது. 1978-ல் ரஃப் டிரேட்டே தட்டு வெளியிடவும் ஆரம்பித்தது. நம் காரைக்குடிக் கதைதான், வேறு கடற்கரையில்!

பிற்பாடு பெரிதாகக் கிளை பரப்பிய விநியோக வியாபாரம் 1991-ல் படுத்துவிட்டது. ஆனால் கடை படுக்கவில்லை. காரணம், 1982-லேயே கடையைத் தனியாகப் பிரித்து, அதில் வேலை பார்த்தவர்களே எடுத்து நடத்திக்கொண்டிருந்தார்கள். சின்னக் கடை, அளவான வாடகை, வருகிறவர்கள் ருசி அறிந்த சிப்பந்திகள். 2007-ல் கிழக்கு லண்டனில் ஒரு பெரிய கடையையும் திறந்தார்கள். அங்கே மேடை போட்டிருக்கிறார்கள். பாடகர்கள் வந்து பாடுகிறார்கள். பாட்டைக் கேட்டவர்கள் தட்டை வாங்கிக்கொண்டு போகிறார்கள்.

காலமும் கொஞ்சம் திரும்பியிருக்கிறது. 2008 முதல் வருஷா வருஷம் ஏப்ரலில் தனிக் கடைகளுக்கென்று ஒரு நாள் கொண்டாடுகிறார்கள். அன்றைக்கென்றே சில தட்டுக்கள் வெளியாகும். கடை வாசலில் வரிசை நிற்கும். அமெரிக்காவில் 2022-ல் சுமார் 4 கோடியே 10 லட்சம் வினைல் தட்டு விற்றது, சி.டி. 3 கோடியே 30 லட்சம்தான். 1987-க்குப் பிறகு தட்டு சி.டி.யை முந்தியது அதுவே முதல் தடவை. போனில் எல்லாப் பாட்டும் இருக்கும்போது தட்டு ஏன் என்றால், போனில் இருப்பது எல்லோருடைய பாட்டு, தட்டு நம்முடையது. உறையைப் பார்க்கலாம், கையில் ஏந்தலாம், பேரனுக்கு விட்டுப் போகலாம். நோணாங்குப்பத்துப் பெரியவர் செய்தது அதுதானே?

ஆனால் அமெரிக்கக் கணக்கை நம்பிச் சீட்டுப் பணத்தைப் போட முடியாது. நம் வீட்டுக் கணக்கைப் போட்டுப் பார்ப்போம்.

வெளிநாட்டிலிருந்து வரும் புதிய தட்டு ஒன்று இரண்டாயிரம், மூவாயிரம் ரூபாய் ஆகிறது. சராசரி 2,500 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். 2 லட்சத்துக்கு 80 தட்டு. அலமாரியில் நிற்க வைத்தால் ஒரு முழ நீளத்துக்குக்கூட வராது! கடைக்கு முன்பணம், வாடகை, மின்சாரம் எதுவும் இதில் சேரவில்லை. அந்த 80-ல் இல்லாத 81-ஆவது தட்டைத்தான் முதல் வாடிக்கைக்காரர் கேட்பார். விற்காத தட்டைத் திருப்பி அனுப்ப வழியில்லை. புடவையானால் ஆடித் தள்ளுபடியில் தள்ளிவிடலாம். ராக் தட்டை வேண்டாதவருக்குப் பாதி விலையில் கொடுத்தாலும் வேண்டாதது வேண்டாததுதான்.

ஆகவே எனக்குத் தோன்றுவது இது. முழுச் சீட்டுப் பணத்தையும் கொடுக்க வேண்டாம். ஒன்றுமே கொடுக்காமலும் இருக்க வேண்டாம். பத்தில் ஒரு பங்கு, 20,000 ரூபாய் கொடுங்கள். கடனாகவே கொடுங்கள், ஒரு நோட்டுப் போட்டு வரவு செலவு எழுதச் சொல்லி, மாதா மாதம் நீங்களே பாருங்கள். புதிய தட்டுப் பக்கம் போக வேண்டாம். டிராவிஸ் செய்தது போலப் பழைய தட்டு தேடட்டும். புதுச்சேரியிலும் காரைக்காலிலும் உங்கள் மாமனாரைப் போல எத்தனை சொல்தாக்கள் பெட்டி கொண்டு வந்திருப்பார்கள்! அந்தப் பெட்டிகள் பரணில் தூங்கிக்கொண்டிருக்கலாம். நியாயமான விலை கொடுத்து வாங்கட்டும். கடை எடுக்க வேண்டாம். புதுச்சேரி காந்தி வீதியில் ஞாயிறு சந்தை கூடுகிறதே, அங்கே ஒரு மேஜை போட இடம் கிடைக்கிறதா என்று விசாரிக்கட்டும். சென்னையில் 1985-ல் தீக்கிரையான மூர் மார்க்கெட்டில் பழைய தட்டு விற்றவர்கள் பளிங்குத் தளம் போட்டா விற்றார்கள்? வாரத்தில் மற்ற ஆறு நாள் ஒரு வேலைக்குப் போகட்டும். ஒரு வருஷம் கழித்து நோட்டைப் பார்த்து, மீதிப் பணத்தைப் பற்றி யோசியுங்கள். நோட்டைக் கண்டால் உங்கள் வீட்டுக்காரரும் சிரிப்பதை நிறுத்துவார்.

ஒரே ஒரு நிபந்தனை. தாத்தாவின் பெட்டியில் உள்ள தட்டுக்களை விற்பனைக்கு வைக்கக் கூடாது. அது சரக்கு அல்ல, சொத்து.

அந்தப் பெட்டியைப் பற்றி இன்னும் இரண்டு வார்த்தை; இது மற்ற நேயர்களுக்கும் உபயோகப்படும். தட்டுக்களை ஒன்றன் மேல் ஒன்றாகப் படுக்க வைக்காதீர்கள். அடியில் இருப்பது வளைந்துவிடும். புத்தகம் போல நிற்க வையுங்கள். ஜன்னல் வெயில் பட்டால் வினைல் நெளிந்துபோகும். உங்கள் ஊரின் ஈரக் காற்றில் காகித உறை பூசணம் பிடிக்கும். மாதம் ஒரு முறை வெளியே எடுத்து நிழலில் உலர்த்துங்கள். விளிம்பையும் நடுவிலுள்ள காகிதத்தையும் மட்டும் தொடுங்கள். துடைக்கும்போது மெல்லிய துணியால், கோடு ஓடுகிற திசையில் வட்டமாகத் துடையுங்கள். பெரிய தட்டு பெரும்பாலும் 33 சுற்று, சின்னது 45. சாவி கொடுக்கும் பழைய கிராமபோனில் இவற்றை ஒருபோதும் போடாதீர்கள். அதன் எஃகு ஊசி வினைலைக் கீறிப் பாழாக்கிவிடும்.

எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு காரியம் செய்யுங்கள், சகோதரி. ஒரு நாள் மத்தியானம், சாப்பாடு ஆனதும், பையனை விட்டு ஒரு தட்டைப் போடச் சொல்லுங்கள். இந்தத் தடவை கதவைச் சாத்தாமல், மாமனாருடைய சாய்வு நாற்காலிக்குப் பக்கத்தில் நீங்களும் உட்கார்ந்து கடைசி வரையில் கேளுங்கள். பிடிக்காமலே போகலாம், அதனால் பாதகமில்லை. பையன் எதற்காகப் பணம் கேட்கிறான் என்பது காதில் விழுந்திருக்கும் அல்லவா? அதன் பிறகு உங்கள் பதிலைச் சொல்லுங்கள்.

மேஜை போட்டதும் எனக்கு ஒரு வரி எழுதுங்கள். புதுச்சேரிக்கு வருகிறேன். துண்டுக் காகிதம் கொண்டு வரமாட்டேன்; பணம் கொண்டு வருகிறேன்.